கைபேசியின் மறுமுனையில் யார்? – வாசகர் கேள்வி பதில்

கிராமப்புறங்களில் கைபேசியின் துணையோடு மருத்துவ வசதியை மேம்படுத்துவது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களிலிருந்து ஏழு கேள்விகள் இங்கே இடம்பெறுகின்றன. ஒரே பொருளைப் பற்றிய கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம். பல கடிதங்களில் சொந்த உடல்நலச் செய்திகள் கலந்திருப்பதால் எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் வெளியிடவில்லை.

கேள்வி: எங்கள் மலைக்கிராமத்தில் பெரும்பாலான வீடுகளில் இருப்பது பட்டன் போன்தான். இணையம் வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் போய் நிற்க வேண்டும். கைபேசி வழி மருத்துவம் என்று பேசுவதெல்லாம் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தானா?
– ஓர் ஆசிரியர்

பதில்: இல்லை, ஆசிரியரே. இந்தத் துறையில் முறையாகச் சோதிக்கப்பட்டுப் பலன் தந்த முயற்சிகளில் பல, உங்கள் ஊரில் இருக்கும் அதே பட்டன் போனை நம்பித் தொடங்கப்பட்டவைதாம்.

கென்யாவில் எச்.ஐ.வி. மருந்து உட்கொள்வோரிடையே நடந்து, 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான வெல்டெல் ஆய்வை எடுத்துக்கொள்வோம். வாரத்திற்கு ஒருமுறை செவிலியரிடமிருந்து நோயாளிக்கு 'மாம்போ?' என்ற ஒரே சொல் குறுஞ்செய்தியாகப் போகும். சுவாஹிலி மொழியில் அதற்கு 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று பொருள். நோயாளி 48 மணி நேரத்திற்குள் 'சாவா' என்றோ 'ஷிதா' என்றோ பதில் அனுப்ப வேண்டும். முன்னது நலம், பின்னது சிக்கல். சிக்கல் என்று சொன்னவரையும் பதிலே அனுப்பாதவரையும் செவிலியர் தொலைபேசியில் அழைத்து விசாரிப்பார். இவ்வளவுதான் ஏற்பாடு. ஆய்வில் பங்கேற்ற 538 பேரில், செய்தி பெற்றவர்களில் 62 விழுக்காட்டினர் மருந்தை ஒழுங்காக உட்கொண்டனர். பெறாதவர்களில் அது 50 விழுக்காடாக இருந்தது. இரத்தத்தில் வைரஸ் கட்டுக்குள் வந்தவர்களும் செய்தி பெற்றவர்களில் 57 விழுக்காடு, பெறாதவர்களில் 48 விழுக்காடு. அந்தச் செய்தியில் மருந்தைப் பற்றியோ நோயைப் பற்றியோ ஓர் எழுத்துகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒருவர் வாரந்தவறாமல் விசாரிக்கிறார், பதில் வராவிட்டால் தேடி அழைக்கிறார் என்ற உறுதியே அங்கே வேலை செய்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

குறுஞ்செய்தியைத் தவிர இன்னும் மூன்று வழிகள் பட்டன் போனில் உண்டு. நட்சத்திரக் குறியும் எண்களும் அழுத்திக் கணக்கில் மீதமுள்ள தொகையைப் பார்க்கிறோம் அல்லவா, அந்த முறைக்கு யுஎஸ்எஸ்டி என்று பெயர். அதற்கு இணையம் தேவையில்லை. தென்னாப்பிரிக்க அரசு 2014 ஆகஸ்டில் தொடங்கிய மாம்கனெக்ட் திட்டத்தில், மருத்துவ நிலையத்திற்கு வரும் கர்ப்பிணியின் கைபேசியிலேயே இந்த வழியில் அவரைப் பதிவு செய்தார்கள். அதன்பின் கர்ப்பத்தின் மாதத்திற்கு ஏற்ற செய்திகள் அவர் தேர்ந்தெடுத்த மொழியில் கட்டணமின்றி வந்தன. கேள்வி கேட்கவும், நிலையத்தில் தம்மை நடத்திய விதம் சரியில்லை என்றால் முறையிடவும் வழி வைத்திருந்தார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பதிவு செய்த குரல் அழைப்பு இரண்டாவது வழி. மூன்றாவது மிஸ்டு கால். இந்தியாவில் காசநோய் சிகிச்சைக்காக உருவான 99டாட்ஸ் முறையில், மாத்திரைப் பட்டை ஒரு சிறப்பு உறைக்குள் இருக்கும். மாத்திரையைப் பிதுக்கி எடுத்த பிறகே உள்ளே மறைந்திருக்கும் தொலைபேசி எண் கண்ணுக்குத் தெரியும். அந்த எண்ணுக்குக் காசில்லாமல் ஓர் அழைப்பு விட்டால் அன்றைய மருந்து எடுத்துக்கொண்டதாகப் பதிவாகிவிடும். அழைக்காமலே மருந்து சாப்பிட்டவர்களும், அழைத்துவிட்டுச் சாப்பிடாதவர்களும் உண்டு என்பதைப் பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே அந்தப் பதிவை நோயாளியைக் கண்டிக்கும் ஆதாரமாகக் கொள்ளாமல், யாரை முதலில் நேரில் போய்ப் பார்ப்பது என்று அறிய உதவும் குறிப்பாகக் கொள்வதே முறை.

உங்கள் ஊரைப் போல சிக்னல் வந்து வந்து போகும் இடங்களில் குறுஞ்செய்திக்கு ஒரு தனி நன்மை இருக்கிறது. கைபேசி தொடர்பில் இல்லாதபோது செய்தி தொலைபேசி நிறுவனத்தின் மையத்தில் காத்திருந்து, நீங்கள் அந்த மேட்டுக்குப் போனதும் வந்து சேரும். யுஎஸ்எஸ்டிக்கு அந்தப் பொறுமை கிடையாது. இடையில் சிக்னல் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தமிழில் செய்தி அனுப்பத் திட்டமிடுவோர் அறியவேண்டிய ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 குறியீடுகள் கொள்ளும். தமிழ் எழுத்தில் 70தான். அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். 'மருத்துவர்' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு ஆறு எழுத்துகள். கணினியின் எண்ணிக்கையில் அது பத்து. எனவே செய்தி எழுதுபவர் ஒரு வேளைக்கு ஒரே கருத்தைச் சொல்லப் பழக வேண்டும். அறிவுரையை நீட்டினால் செய்தி இரண்டு மூன்றாக உடைந்து செலவும் பெருகும், பழைய கைபேசிகளில் துண்டுகள் முன்பின்னாக வந்து பொருளும் கெடும்.

கேள்வி: நான் சுகாதாரச் செவிலியராகப் பல கிராமங்களுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். வேலையை எளிதாக்கும் என்று சொல்லி டேப்லெட் கொடுத்தார்கள். இப்போது பதிவேட்டிலும் எழுதுகிறேன், டேப்லெட்டிலும் பதிகிறேன், மாதக் கடைசியில் வேறொரு படிவத்திலும் நிரப்புகிறேன். தாய்மார்களிடம் பேசும் நேரம் குறைந்துவிட்டது. இதனால் யாருக்கு நன்மை?
– ஒரு செவிலியர்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். களப்பணியாளர்களைச் சந்திக்கும் இடங்களில் எல்லாம் நான் கேட்கும் குறை இது, அது முற்றிலும் நியாயமானது. கையில் கொடுக்கப்படும் கருவி மேலே உள்ளவர்களுக்குக் கணக்கு அனுப்புவதற்காக மட்டும் வடிவமைக்கப்பட்டிருந்தால், அது உங்கள் வேலையில் ஒரு கூடுதல் சுமையாகத்தான் முடியும். நீங்கள் பதியும் ஒவ்வொரு செய்திக்கும் பதிலாக அந்தக் கருவி உங்களுக்கு ஏதாவது திருப்பித் தர வேண்டும்.

எதைத் திருப்பித் தரலாம் என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகளைச் சொல்கிறேன். மூச்சுத் திணறும் குழந்தைக்கு நிமோனியா இருக்கக்கூடுமா என்று முடிவு செய்ய, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ண வேண்டும். இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50, ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை 40 என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் அது வேகமான மூச்சு. நல்ல செயலி குழந்தையின் வயதைக் கேட்டுக்கொண்டு, நிமிடக் கணக்கையும் தானே ஓட்டி, எல்லை தாண்டினால் அடுத்துச் செய்ய வேண்டியதை வரிசையாகக் காட்டும். காலையிலிருந்து அலைந்து களைத்த ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய துணை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதேபோல் இந்த வாரம் எந்த வீட்டில் தடுப்பூசி தவறியிருக்கிறது, எந்தக் கர்ப்பிணிக்கு இரத்த அழுத்தம் போன முறையைவிட ஏறியிருக்கிறது என்ற பட்டியலைக் காலையிலேயே அது உங்கள் முன் வைக்க வேண்டும்.

ருவாண்டாவில் 2009இல் முசான்சே மாவட்டத்தில் தொடங்கிய ரேபிட்எஸ்எம்எஸ் ஏற்பாட்டில், கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்கள் தங்கள் கைபேசியிலிருந்து குறியீட்டுச் சொற்களால் கர்ப்பம், பிரசவம், ஆபத்து அறிகுறி ஆகியவற்றை அனுப்பினார்கள். ஆபத்து என்று செய்தி போனால் அது கணக்கில் சேர்ந்து கிடப்பதில்லை. நிலையத்திற்கும் ஆம்புலன்ஸ் ஏற்பாட்டிற்கும் உடனே எச்சரிக்கை போகும். பணியாளர் செய்தி அனுப்பியதற்கு வண்டி வருகிறது என்றால், அடுத்த முறை அனுப்ப யாரும் அவரை வற்புறுத்த வேண்டியதில்லை.

எளிய நினைவூட்டலுக்கும் பலன் உண்டு. கென்யாவின் கிராமப்புறங்களில் 107 நிலையங்களில் பணியாற்றிய 119 பேரைக் கொண்டு நடந்து 2011இல் வெளியான ஆய்வில், குழந்தைகளின் மலேரியா சிகிச்சை விதிகளை ஆறு மாத காலம் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். விதிப்படி சிகிச்சை பெற்ற குழந்தைகளின் விகிதம் ஏறத்தாழ 24 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது. செய்திகள் நின்று ஆறு மாதம் ஆன பின்னும் அந்த உயர்வு நிலைத்திருந்தது. புதிய கருவி எதுவும் கொடுக்கவில்லை, ஏற்கெனவே அவர்களிடம் இருந்த கைபேசிக்கே செய்தி போனது.

இரட்டைப் பதிவு பற்றி உங்கள் மேலதிகாரிகளிடம் கேட்கக்கூடிய நியாயமான கோரிக்கை ஒன்று உண்டு. மூன்று மாதம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்; பொருந்தி வந்தால் ஒன்றை நிறுத்திவிட வேண்டும், அதற்கான நாளையும் முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். காலவரையறை இல்லாத இரட்டைப் பதிவில் இரண்டு பதிவுகளுமே பிழையாகின்றன, ஏனென்றால் களைத்த கை ஒன்றைப் பார்த்து மற்றொன்றை அவசரமாக நிரப்பிவிடும். கூடவே, சிக்னல் இல்லாத இடத்தில் பதிந்தவை கருவியிலேயே சேமிக்கப்பட்டு, சிக்னல் கிடைத்ததும் தானாக மேலே போகும் வசதி உங்கள் செயலியில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது இல்லாத செயலி கிராமத்தை நினைத்துச் செய்யப்பட்டதாகாது.

கேள்வி: நான் தொலைவில் ஒரு நகரத்தில் வேலை பார்க்கிறேன். ஊரில் தனியாக இருக்கும் என் தாயாருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. வீடியோ அழைப்பில் மருத்துவரைப் பார்க்க வைத்தேன்; ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது, அம்மாவுக்குத் திருப்தியில்லை. இதைச் சரியாகச் செய்வது எப்படி?
– ஒரு மகன்

பதில்: உங்கள் தாயாருக்கு இருப்பவை தொலைவிலிருந்து கவனிக்க ஏற்ற நோய்கள்தாம். மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதைப் பெரும்பாலும் எண்களை வைத்தே முடிவு செய்ய முடியும். அந்த எண்களை அழைப்புக்கு முன்பே திரட்டி வைப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. ஒரு வாரத்திற்குக் காலையும் மாலையும் இரத்த அழுத்தம் பார்த்து ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்க வேண்டும், கை நெஞ்சின் உயரத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும். சாப்பிடும் மருந்துகள் அனைத்தின் பட்டைகளையும் எடுத்து வைத்து, பெயர் தெரியும்படி படம் பிடித்து முன்கூட்டியே அனுப்பிவிட்டால், அழைப்பு நேரம் மருந்தின் பெயரைத் தேடுவதில் கழியாது. புண்ணோ தடிப்போ இருந்தால் பகல் வெளிச்சத்தில் தொலைவிலிருந்து ஒன்றும் அருகிலிருந்து ஒன்றுமாக இரண்டு படங்கள் எடுங்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்தால் அளவு தெரியும். காட்சி உறைந்து உறைந்து வந்தால் வீடியோவை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் பேசுவது நல்லது. மருத்துவருக்கு வேண்டிய செய்திகளில் பெரும்பகுதி பேச்சில்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட, அழைப்பின்போது உங்கள் தாயாரின் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பது முக்கியம். இந்தியாவின் இசஞ்சீவனி திட்டம் 2019 நவம்பரில் தொடங்கியபோது, நோயாளி கிராமத்து நல்வாழ்வு நிலையத்தில் சுகாதாரப் பணியாளருடன் உட்கார்ந்து தொலைவிலுள்ள மருத்துவரிடம் பேசும் முறையாகவே இருந்தது. வீட்டிலிருந்தே நேராக மருத்துவரை அழைக்கும் வசதி 2020 ஏப்ரலில், ஊரடங்குக் காலத்தில் சேர்க்கப்பட்டது. இரண்டில் முன்னதே முதியவர்களுக்குச் சிறந்தது என்பது என் கருத்து. பக்கத்தில் இருக்கும் பணியாளர் நாடி பார்ப்பார், கால் வீங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பார், மருத்துவர் சொன்னதை உங்கள் தாயாருக்குப் புரியும் பேச்சில் மறுபடியும் சொல்வார். அம்மாவின் திருப்தியின்மைக்குக் காரணம் ஐந்து நிமிடம் என்பதைவிட, தொட்டுப் பார்க்க யாரும் இல்லை என்பதாக இருக்கலாம்.

அழைப்பை முடிக்கும் முன் மருத்துவரிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கச் சொல்லுங்கள்: என்ன மாற்றம் தெரிந்தால், எத்தனை நாளுக்குள் நான் நேரில் வர வேண்டும்? அந்தப் பதிலை எழுதி வைக்க வேண்டும்.

சில நிலைமைகளில் வீடியோ அழைப்புக்குக் காத்திருக்கவே கூடாது. நெஞ்சு வலி, ஒரு பக்கக் கையோ காலோ செயலிழத்தல், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல், வலிப்பு, நினைவிழத்தல், பாம்புக் கடி, கர்ப்பகாலத்தில் இரத்தப்போக்கு அல்லது பார்வை மங்கலோடு கூடிய கடும் தலைவலி ஆகியவற்றில் கைபேசியின் பயன் இரண்டே இரண்டுதான்: வண்டியை அழைப்பதும், மருத்துவமனைக்கு முன்னறிவிப்பதும்.

கேள்வி: விரலைக் கேமராவின் மேல் வைத்தால் இரத்த அழுத்தம் காட்டும் செயலி ஒன்றை என் தம்பி பதிவிறக்கித் தந்தான். கருவி வாங்கத் தேவையில்லை என்கிறான். நம்பலாமா?
– ஒரு வாசகி

பதில்: நம்ப வேண்டாம். கேமராவின் மேல் விரல் வைத்தால் இதயத் துடிப்பின் எண்ணிக்கையை ஓரளவு அறிய முடியும். இரத்த அழுத்தம் வேறு விஷயம். ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் வாங்கியிருந்த இத்தகைய செயலி ஒன்றை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். உண்மையில் உயர் இரத்த அழுத்தம் இருந்தவர்களில் ஐந்தில் ஏறத்தாழ நான்கு பேருக்கு அது இல்லை என்று அந்தச் செயலி காட்டியிருந்தது. கருவி இல்லாதவர் அழுத்தம் தெரியவில்லையே என்று நிலையத்திற்காவது போய்ப் பார்த்துக்கொள்வார். பொய்யான எண்ணைக் கண்டவர் நலமாக இருக்கிறோம் என்று நம்பி வீட்டிலேயே இருந்துவிடுவார். கைப்பட்டை உள்ள கருவி விலை மிகுதி என்றால் தெருவில் நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரே கைபேசி. அது பெரும்பாலும் கணவரிடம் இருக்கும். மாமியாரும் பிள்ளைகளும் எடுப்பார்கள். மருத்துவ நிலையத்திலிருந்து எனக்கு வரும் செய்தியை எனக்கு முன்பே எல்லோரும் படித்துவிடுகிறார்கள். குடும்பக் கட்டுப்பாடு பற்றிக் கேட்டதற்கு வந்த பதிலால் வீட்டில் சண்டையே வந்தது. இனி எண்ணைக் கொடுக்கவே பயமாக இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத ஒருவர்

பதில்: அம்மா, உங்களுக்கு நேர்ந்தது உங்கள் பிழையால் நேர்ந்ததன்று. எண்ணை வாங்கியவர், அந்த எண் யாருடைய கையில் இருக்கும் என்று கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு கைபேசி உண்டு, அதை அவர் மட்டுமே பார்ப்பார் என்று எண்ணிக்கொண்டு இந்தத் திட்டங்களில் பல வகுக்கப்படுகின்றன. வருமானம் குறைந்த நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் ஆண்களைவிடப் பெண்களிடம் சொந்தக் கைபேசி குறைவாகவே இருக்கிறது என்பதைக் கைபேசி நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளே சொல்கின்றன. அப்படியிருக்க, பெண்களுக்கான செய்திகளை இந்த எண்ணத்தின்மேல் கட்டுவது ஆபத்தானது.

முதல் பதிலில் சொன்ன கென்யத் திட்டத்தை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். 'எப்படி இருக்கிறீர்கள்?' என்ற சொல்லை யார் படித்தாலும் அதிலிருந்து எந்த நோயையும் ஊகிக்க முடியாது. மறைக்கப்பட வேண்டிய எதையும் செய்திக்குள் வைக்காமல், 'நிலையத்திற்கு வாருங்கள்' என்றோ 'இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்றோ மட்டும் எழுதுவதே பகிர்ந்துகொள்ளும் கைபேசிக்குப் பொருந்தும். விவரத்தை நேரில் பேசிக்கொள்ளலாம்.

நீங்கள் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். அடுத்த முறை செவிலியரைத் தனியே பார்க்கும்போது, இந்த எண் எல்லோர் கையிலும் இருக்கும், எனவே பொதுவான செய்தி மட்டும் அனுப்புங்கள் என்று சொல்லுங்கள். எந்த நேரத்தில் கைபேசி உங்களிடம் இருக்கும் என்பதையும் சொல்லுங்கள். அவர் அதைப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளக் கடமைப்பட்டவர். உங்கள் எண்ணை நீக்கச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு, நீக்கினால் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது. நம்பிக்கையான தோழியின் எண்ணைக் கொடுப்பது நல்ல வழி என்று சிலர் நினைப்பார்கள். அவருடைய கைபேசி யார் கையில் இருக்கும் என்பதும் தெரியாதாகையால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிலையத்திற்கு வரும் நாளிலேயே, அங்குள்ள தொலைபேசியிலிருந்து உங்கள் கேள்வியை மருத்துவரிடம் கேட்க ஏற்பாடு செய்து தரும்படி கேளுங்கள்.

இதைப் படிக்கும் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிம் மாறும், எண் இன்னொருவருக்குப் போகும். ஒவ்வொரு சந்திப்பிலும் இது இப்போதும் உங்கள் எண்தானா, வேறு யார் பார்ப்பார்கள், என்ன எழுதலாம் என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணின் பரிசோதனை முடிவு முன்பின் தெரியாத ஒருவரின் கைபேசியில் போய் விழுவதைத் தடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: எங்கள் பகுதிக்குச் சுகாதாரப் பணிக்கென ஒரு தொகை கிடைத்திருக்கிறது. எங்கள் பகுதிக்கென்றே ஒரு மருத்துவச் செயலி உருவாக்கலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். அதில் என்னென்ன இருக்க வேண்டும்?
– ஓர் உள்ளாட்சி உறுப்பினர்

பதில்: ஐயா, செயலி உருவாக்க வேண்டாம் என்பதே என் பதில். இளைஞர்களின் ஆர்வம் மதிப்புக்குரியது, அதை வேறு பக்கம் திருப்புங்கள்.

உகாண்டாவில் தனித்தனி அமைப்புகள் தனித்தனியே தொடங்கிய கைபேசிச் சோதனைத் திட்டங்கள் பெருகி, ஒன்றோடொன்று பேச முடியாத நிலை வந்தபோது, 2012இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் புதிய திட்டங்கள் அனைத்தையும் ஒப்புதல் பெறும் வரை நிறுத்தி வைத்தது. நீங்கள் உருவாக்கும் செயலியில் பதியும் செய்தி, மாவட்ட மருத்துவமனை பயன்படுத்தும் ஏற்பாட்டில் போய்ச் சேராவிட்டால், உங்கள் பகுதிச் செவிலியர் மேலே எழுதிய அம்மாவைப் போல மூன்றாவது இடத்திலும் பதிய வேண்டிவரும். சுகாதாரத் தகவல்களைத் திரட்டித் தொகுப்பதற்காக ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் வளர்ந்த டிஎச்ஐஎஸ்2 போன்ற திறந்த மென்பொருள்கள் 70க்கும் மேற்பட்ட நாடுகளில் பயன்பாட்டில் இருக்கின்றன. உங்கள் அரசு ஏற்கெனவே எதைப் பயன்படுத்துகிறது என்று கேட்டு அதற்குள் இணைவதே அறிவுடைமை.

அந்தத் தொகையைக் கொண்டு, இருக்கும் சேவையில் எங்கே ஓட்டை விழுகிறது என்று பாருங்கள். தான்சானியாவில் 2009–2010இல் அப்படி ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள்: மலேரியா நோயாளி பல கல் தொலைவு நடந்து வந்தால் நிலையத்தில் மருந்து இருப்பதில்லை. எஸ்எம்எஸ் ஃபார் லைஃப் என்ற அந்தத் திட்டத்தில் மூன்று மாவட்டங்களின் 129 நிலையங்களுக்கு வாரம் ஒருமுறை குறுஞ்செய்தி போனது. இருப்பில் உள்ள மருந்தின் அளவைப் பணியாளர் கட்டணமின்றிப் பதிலாக அனுப்புவார். மாவட்ட அலுவலர் அதைப் பார்த்து, மிகுதியாக உள்ள இடத்திலிருந்து இல்லாத இடத்திற்கு மருந்தை மாற்றுவார். மலேரியா மருந்தில் ஏதேனும் ஒரு வகையாவது தீர்ந்துபோன நிலையங்கள் தொடக்கத்தில் 78 விழுக்காடு, 21ஆம் வாரத்தில் 26 விழுக்காடு. நோயாளியின் கையில் எந்தச் செயலியும் இல்லை, அவருக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது. ஆனால் நடந்து வந்தவருக்கு மருந்து கிடைத்தது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த திட்டம் இதுதான்.

இன்னோர் ஓட்டை, பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்னவர் போகாமல் இருந்துவிடுவது. கென்யாவில் 50 பள்ளிகளில் பீக் என்ற ஸ்மார்ட்போன் முறையை வைத்து நடந்து 2018இல் வெளியான ஆய்வில், குழந்தைகளின் பார்வையை ஆசிரியர்களே பரிசோதித்தார்கள். குறைபாடு தெரிந்தால், அந்தக் குழந்தையின் கண்ணுக்கு உலகம் எப்படி மங்கித் தெரிகிறது என்று காட்டும் அச்சிட்ட படம் பெற்றோருக்குப் போகும். நினைவூட்டும் குறுஞ்செய்தியும் போகும். மருத்துவமனைக்குச் சென்றவர்கள் 54 விழுக்காடு. வழக்கமான முறையில் கடிதம் மட்டும் கொடுத்த பள்ளிகளில் 22 விழுக்காடு. பெற்றோர் மனத்தை அசைத்ததில் அந்தப் படத்திற்குப் பெரும் பங்கு இருந்திருக்கும் என்று கருதுகிறேன். அப்படியும் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் போகவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். பயணச் செலவும் ஒரு நாள் கூலியும் எந்தக் கைபேசியாலும் ஈடுகட்டப்படுவதில்லை. உங்கள் தொகையில் ஒரு பகுதியை மருத்துவமனைக்குப் போய்வரும் வண்டிக்கு ஒதுக்கலாம்.

மீதியில் நிலையத்துக் கைபேசிகளுக்குச் சார்ஜ் ஏற்றச் சூரியத் தகடு, பணியாளர்களின் ரீசார்ஜ் செலவு, உடைந்த கருவியை மாற்றத் தனியே ஒரு நிதி ஆகியவற்றைப் பாருங்கள். தொடக்க விழாவில் காட்ட முடியாத செலவுகள் இவை. ஆனால் இரண்டாம் ஆண்டில் திட்டம் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இவற்றால்தான். இளைஞர்கள் நிலையத்திற்கு வரும் முதியவர்களுக்குக் கைபேசியில் பதிவு செய்து தரவும், செய்திகளின் மொழியை உங்கள் பகுதிப் பேச்சுக்கு ஏற்பத் திருத்தித் தரவும் முன்வந்தால் அது பெரிய தொண்டு.

கேள்வி: கைபேசியிலேயே மருத்துவர் கிடைக்கிறார் என்று காரணம் காட்டி, கிராமங்களுக்கு மருத்துவர்களை நியமிக்காமலே விட்டுவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன். என் அச்சம் சரியா?
– ஓய்வுபெற்ற ஓர் ஊழியர்

பதில்: சரியான அச்சம். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் வெளியிட்ட மின்னணு மருத்துவ வழிகாட்டு நெறிகளில், இந்தக் கருவிகள் இயங்குகின்ற ஒரு மருத்துவ அமைப்புக்கு மாற்றாகமாட்டா என்று வெளிப்படையாகவே கூறியிருக்கிறது. தொலைபேசியில் பிரசவம் பார்க்க முடியாது, தடுப்பூசி போட முடியாது, எலும்பைச் சேர்த்துக் கட்ட முடியாது. ருவாண்டாவில் 2016 முதல் கிராமத்து மருத்துவமனை ஒரு செய்தி அனுப்பினால் ஆளில்லா விமானம் இரத்தப் பையைக் கொண்டுவந்து போடுகிறது, வியக்கத்தக்க ஏற்பாடு. ஆனால் அந்தப் பையை எடுத்து நோயாளிக்கு ஏற்ற அங்கே பயிற்சி பெற்ற கை ஒன்று காத்திருக்கிறது.

இந்தக் கருவி உங்கள் பக்கமும் பேசும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். தொலை மருத்துவ அழைப்புகள் ஒவ்வொன்றும் பதிவாகின்றன. உங்கள் பகுதியிலிருந்து ஓராண்டில் எத்தனை அழைப்புகள் போயின, அவற்றில் எத்தனை பேரை நேரில் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார், அவர்கள் எவ்வளவு தொலைவு போக வேண்டியிருந்தது என்ற கணக்கைக் கேட்டு வாங்குங்கள். பெயர்கள் இல்லாமல் எண்கள் மட்டும் போதும். மருத்துவர் பணியிடம் கேட்டு எழுதும் மனுவோடு அதை இணைத்து அனுப்பலாம்.

அதுவரை ஒரு சிறு சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். உங்கள் பகுதி நிலையத்தின் சுவரில் எழுதியிருக்கும் உதவி எண்ணை, அவசரத்திற்கென்று ஒதுக்கப்பட்டதாக இல்லாவிட்டால், ஒரு பகலிலும் ஓர் இரவிலும் அழையுங்கள். எத்தனை மணியடிப்பில் எடுக்கிறார்கள், உங்கள் பேச்சு வழக்கு அவர்களுக்குப் புரிகிறதா, அருகில் எந்த நிலையம் அந்நேரத்தில் திறந்திருக்கும் என்று கேட்டால் சரியாகச் சொல்கிறார்களா என்று குறித்து எங்களுக்கும் எழுதுங்கள். வாசகர்களிடமிருந்து வரும் இத்தகைய குறிப்புகளை அடுத்த இதழில் ஒன்றாக வெளியிட விரும்புகிறோம்.